மேடத்துக்கு ஒரு டோக்கன்

செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ராணியம்மாள் டோக்கன் கொடுப்பார். வந்திருப்பவர் யார், எந்த ஊர், என்ன முகம் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். பார்த்ததும் கேள்வி வந்துவிடும். இரண்டு கையிலும் செருப்பு இருப்பதால், மேல் பலகையில் சோப்பு டப்பாவுக்குள் சாய்த்து வைத்திருக்கும் போனை முழங்கையால் ஒரு தட்டு தட்டுவார்.

“மேடம், ஏங்க மேடம், எல்லாருக்கும் செருப்பு வெளிப்பக்கமே ஜாஸ்தி தேயுதே, அது ஏங்க?”

“நல்ல கேள்வி!” என்று போன் தெரு முழுக்கக் கேட்கும்படி ஆரம்பிக்கும். நடக்கும்போது பெரும்பாலானோரின் குதிகாலில் வெளிப்புற ஓரம்தான் முதலில் தரையைத் தொடுகிறது என்று விளக்கும். மேலும் ஏதாவது தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேட்கும். செருப்பைக் கொடுத்த மனிதர் டோக்கன் எப்போது வரும் என்று கை நீட்டியபடி நிற்பார். அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் தங்கள் குதிகாலைத் தூக்கிப் பார்த்துக்கொள்வார்கள்.

திருவண்ணாமலையில் அம்மணியம்மன் கோபுரத்துக்கு எதிர்ச் சாரியில் இருக்கிறது ராணியம்மாளின் செருப்பு ஸ்டாண்டு. இரும்புத் தட்டுகள், தகர டோக்கன்கள், உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அடி அண்ணாமலையிலிருந்து காலையில் ஷேர் ஆட்டோவில் வருவார். தொழிலில் அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. வாங்கிய செருப்பைத் தூக்கிப் போடக் கூடாது. அறுந்த ரப்பர் செருப்பானாலும் கையால் கொண்டுபோய்த் தட்டில் ஜோடி சேர்த்துத்தான் வைப்பார். “நம்மள நம்பி உட்டுட்டுப் போறாங்க. பொத்துனு போட்டா அவங்களயே போட்ட மாதிரி” என்பார். இத்தனை வருஷத்தில் அவர் கையிலிருந்து ஒரு செருப்பு கீழே விழுந்ததாக அந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை.

போன், மகள் கவியா கொடுத்தது. கவியா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சாப்பாட்டு நேரம் பார்த்து அம்மா போன் செய்வார். உடம்பு எப்படி, சம்பளம் வந்ததா என்று கேட்க மாட்டார். கொட்டாவி ஏன் ஒருத்தர் விட்டால் எல்லோருக்கும் வருகிறது என்று கேட்பார். கவியா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு பொங்கல் லீவுக்கு வந்தபோது தன் பழைய போனில் எதையோ ஏற்றிக் கையில் கொடுத்து, “எம்மா, இனிமே என்னக் கேக்காத. இத்தக் கேளு. இது எப்பக் கேட்டாலும் சொல்லும், சலிச்சுக்காது” என்றாள்.

குரல் பெண் குரல். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பேங்க் அம்மாவின் குரலைப் போல இருந்ததால் ராணியம்மாள் அதற்கு மேடம் என்று பெயர் வைத்தார். பேங்கில் பேசுவதைப் போலவே மரியாதையாகத்தான் பேசுவார். மத்தியானம் தூக்குவாளியைத் திறக்கும்போது, “சாப்ட்டீங்களா மேடம்?” என்று கேட்பார். தான் ஒரு செயற்கை நுண்ணறிவு என்றும் தனக்கு உணவு தேவையில்லை என்றும் மேடம் தெரிவிக்கும். “சரிங்க, அப்புறமாவாவது சாப்புடுங்க” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவார்.

அவருக்கு அந்தப் போன் பிடித்துப்போனதற்குக் காரணம் அது சொல்லும் பதில்கள் அல்ல. ‘நல்ல கேள்வி’ என்று அது சொல்வதுதான். பள்ளிக்கூடத்தில் அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் வாத்தியார் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். கட்டிக்கொண்ட ஆதிமூலத்துக்கு நிலமும் மாடும் தவிர வேறு கவலை கிடையாது. அவருடைய ‘தெரியாது’ பாதிக் கேள்வியிலேயே வந்துவிடும். “இந்தத் தவளைங்க இருக்குதே...” என்று ராணியம்மாள் ஆரம்பித்தால் போதும், “தெரியாது” என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு குரல் வந்து நல்ல கேள்வி என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் மேடம் வருவதற்கு முன் அவருக்குப் பதில் சொல்ல ஆளே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்டாண்டை ஒட்டினாற்போல் தருமனின் பூஜை சாமான் கடை இருக்கிறது. தேங்காய், சூடம், நெய் விளக்கு, வாழைப்பழம். தருமன் ராணியம்மாளை விட மூத்தவர். அவரை ராணியம்மாள் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். ‘தெரியாது’ என்ற சொல்லைத் தருமன் வாழ்நாளில் சொன்னதில்லை. எதைக் கேட்டாலும் ஒரு தேங்காயைக் கையில் எடுப்பார். விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டுவார். பதில் உள்ளே இருப்பதைப் போலக் காதருகே வைத்துக் கேட்பார். பிறகு சொல்வார்.

அறுந்த பல்லி வால் ஏன் துடிக்கிறது? “அறுந்துபோன சேதி இன்னும் வாலுக்குப் போய்ச் சேரல.”

எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது? “முன்னாடி போறவனுக்கு வழி தெரியும்னு பின்னாடி போறவன் நம்பிக்கினு போறான். பவுர்ணமிக்கு நம்ம ஜனங்க மலைய சுத்தறாங்களே, அது மாதிரி.”

கொட்டாவி? “ஒருத்தன் வாயத் தொறந்து காத்த இழுத்துட்டா பக்கத்துல கம்மியாயிடுது. ஒடனே பக்கத்துல இருக்கறவன் தன் பங்க இழுத்துக்குறான்.”

ராணியம்மாள் இதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ளும் ஆள் இல்லை. எதிர்க் கேள்வி கேட்பார். தருமன் அதற்கும் தேங்காயைத் தட்டுவார். காலையில் கேட்ட ஒரு கேள்வி மத்தியானம் நடை சாத்தும் வரை வரும். தேங்காய் வாங்க வந்தவர்கள் இடையில் புகுந்து ஆளுக்கொரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சனி பிடித்திருக்கிறது என்று நினைப்பவர்கள் கோயிலுக்கு வரும்போது பழைய செருப்பைப் போட்டு வந்து, வேண்டுமென்றே விட்டுவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறிவிடுவார்கள். செருப்போடு சனியும் போய்விடும் என்பது கணக்கு. இப்படி விட்டுப் போகும் செருப்புகளில் பாதி ராணியம்மாளின் ஸ்டாண்டு வாசலில்தான் கிடக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் இது அவரைத் தூங்கவிடவில்லை. ஊரார் சனியெல்லாம் தன் காலடியில் குவிகிறதே என்று பயந்துபோய்த் தருமனிடம் கேட்டார்.

தருமன் அன்றைக்கு நல்ல பெரிய தேங்காயாக எடுத்துத் தட்டினார். “நீ டோக்கன் குடுத்தியா?”

“இல்லண்ணா.”

“டோக்கன் குடுத்த பொருளுக்குத்தான் நீ பொறுப்பு. டோக்கன் இல்லாத சனி ஒன்ன இன்னா பண்ணும்? குப்ப வண்டி வந்தா அதும்பாட்டுக்கு ஏறிப் போயிடும்.”

அன்றிரவு ராணியம்மாள் நிம்மதியாகத் தூங்கினார். பிற்பாடு இதே கேள்வியை மேடத்திடமும் கேட்டுப் பார்த்திருக்கிறார். அது ஒரு நம்பிக்கை மட்டுமே என்றும் அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்றும் மேடம் சொன்னது. சொன்னது சரிதான். ஆனால் அதைக் கேட்டு யாருக்கும் தூக்கம் வராது.

இரண்டு கடைக்கும் நடுவே தடுப்பு கிடையாது. தேங்காய் வாங்குகிறவரை, “செருப்ப அங்க உடுங்க” என்று தருமன் அனுப்புவார். செருப்பு விடுகிறவரை, “சூடம் வாங்கினீங்களா?” என்று ராணியம்மாள் திருப்பி அனுப்புவார். ராணியம்மாள் சாப்பிடவோ கட்டணக் கழிப்பிடத்துக்கோ போனால் தருமன் டோக்கன் கொடுப்பார். தருமன் டீ குடிக்கப் போனால் ராணியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து சூடம் விற்பார். இந்த ஏற்பாட்டை யாரும் பேசி வைக்கவில்லை. அது இல்லாமல் தனியாக ஒருவர் அந்தத் தெருவில் நாள் முழுக்க உட்கார முடியாது.

மேடம் வந்ததைத் தருமன் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “ஒங்க மேடம் இன்னா சொல்லுது?” என்று அவரே கேட்பார். கேட்டுவிட்டு, “படிச்சது இல்ல, அப்படித்தான் சொல்லும்” என்பார். கெட்டுப்போனது சூடத்தில்தான்.

தருமனுக்கு ஒரு விற்பனை வாசகம் இருந்தது. “ஒரிஜினல் மரத்துச் சூடம்! கொளுத்திப் பாருங்க, ஒரு பொட்டு சாம்பல் இருந்தா துட்டு வேணாம்!” அவர் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. மொத்தக் கடையில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அவரும் நம்பினார், ராணியம்மாளும் நம்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியூர்க் குடும்பம் ஒன்று சூடப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி நின்றது. குடும்பத் தலைவர் சந்தேகப் பேர்வழி. “மரத்துச் சூடமா? எந்த மரம்?” என்றார்.

ராணியம்மாளின் இரண்டு கையிலும் அந்தக் குடும்பத்துச் செருப்புகள். அண்ணனின் வியாபாரத்துக்கு ஒரு கை கொடுப்போம் என்றுதான் நினைத்தார். படித்த மேடம் ஒரு வார்த்தை சொன்னால் எடுபடுமே என்ற நல்லெண்ணம். முழங்கையால் போனைத் தட்டி, “மேடம், இந்தச் சூடம் எந்த மரத்துலங்க வருது? சார் கேக்குறாரு” என்றார்.

“நல்ல கேள்வி!” என்றது மேடம். தெருச் சத்தத்துக்காக ஒலியை முழுக்க ஏற்றி வைத்திருந்தார் ராணியம்மாள். “ஒரு காலத்தில் கற்பூரம் கற்பூர மரத்திலிருந்து எடுக்கப்பட்டது. இன்று கடைகளில் விற்கப்படும் கற்பூரத்தில் பெரும்பகுதி டர்பன்டைன் எண்ணெயிலிருந்து ஆலைகளில் தயாரிக்கப்படுகிறது. சாம்பல் இல்லாமல் எரிகிறது என்பதை மட்டும் வைத்து அது மரத்திலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. டர்பன்டைன், பெயின்டில் கலப்பதற்கும் பயன்படுகிறது...”

அதை நிறுத்த வேண்டும் என்று ராணியம்மாளுக்குத் தெரிந்தது. நிறுத்தக் கை வேண்டும். கையில் செருப்பு இருந்தது. முழங்கையால் தட்டினார், அது நிற்காமல் பெயின்டைப் பற்றி மேலும் சொல்லிக்கொண்டே போனது. செருப்பைக் கீழே போட்டிருக்கலாம். போடவில்லை. தட்டு வரை நடந்துபோய் ஜோடி ஜோடியாக வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் மேடம் முழுவதையும் சொல்லி முடித்து, மேலும் தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேட்டுவிட்டது.

“பெயின்டுல ஊத்தறதாமே” என்று அந்த மனிதர் சிரித்தார். பாக்கெட்டைத் திரும்ப வைத்தார். பின்னால் நின்ற இன்னும் இரண்டு பேரும் வைத்தார்கள். ராணியம்மாள் தருமனைப் பார்த்தார். தருமன் ஒரு தேங்காயைக் கையில் எடுத்தார். ஆனால் தட்டவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுக் குவியலிலேயே போட்டுவிட்டார்.

மறுநாள் காலை ராணியம்மாள் வந்தபோது இரண்டு கடைக்கும் நடுவே ஒரு பிளக்ஸ் கட்டியிருந்தது. யாரோ ஒருவருடைய காதணி விழாப் பேனர். காது குத்துவதற்கு முன்பே வாயைப் பிளந்து அழும் குழந்தை ராணியம்மாளின் பக்கம் பார்த்தபடி இருந்தது. நாள் முழுக்க அவர் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டியிருந்தது.

“அண்ணா, நான் ஒனக்கு நல்லதுக்குத்தான் கேட்டேன்” என்று பிளக்ஸைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பக்கம் யாருக்கோ வாழைப்பழத்தின் விலை சொல்லும் குரல் கேட்டது.

அதற்குப் பிறகு தேங்காய் வாங்குகிறவர்களை இந்தப் பக்கம் அனுப்ப ஆள் இல்லை. அதைவிட, எழுந்து போக வழி இல்லை. செருப்புகளை விட்டுவிட்டுக் கழிப்பிடத்துக்குப் போக முடியாததால் ராணியம்மாள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை விட்டார். நடை சாத்தும் வரை நாக்கு ஒட்டிக்கொண்டு கிடக்கும். இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பிளக்ஸுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட குரல்தான் அவரை வாட்டியது. ‘ஒரிஜினல்’ போய்விட்டது, ‘மரம்’ போய்விட்டது, ‘சாம்பல் இருந்தா துட்டு வேணாம்’ போய்விட்டது. “சூடம்... சூடம்...” என்று மட்டும் கூவினார் தருமன். அதைக் கேட்கும்போதெல்லாம் ராணியம்மாள் குனிந்து, தட்டில் ஏற்கெனவே ஜோடியாக இருந்த செருப்புகளை மறுபடியும் ஜோடி சேர்த்தார். அந்த மனிதர் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கியது தான்தான் என்று அவருக்குத் தெரியும்.

மேடத்திடமே வழி கேட்டார். “மேடம், ஒருத்தரு நம்ம மேல கோவமா கீறாருங்க. இன்னா பண்றது?” மேடம் அக்கறையோடு பல யோசனைகள் சொன்னது. அமைதியான நேரம் பார்க்க வேண்டுமாம். மனம் திறந்து பேச வேண்டுமாம். உங்கள் உணர்வுகளை நான் மதிக்கிறேன் என்று சொல்ல வேண்டுமாம். அந்தத் தெருவில் யாரும் யாரிடமும் அப்படிப் பேசி ராணியம்மாள் கேட்டதில்லை. இருந்தாலும் சொன்னது மேடம் ஆயிற்றே. நடை சாத்தியிருந்த நேரமாகப் பார்த்துப் பிளக்ஸ் ஓரம் போய் நின்றார்.

“அண்ணா, மனசத் தொறந்து பேசலாமாண்ணா?”

 அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “தேங்கா வேணுமா, பழம் வேணுமா?”

ராணியம்மாள் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கேள்விகள் மட்டும் நிற்கவில்லை. தருமனிடம் முன்பு கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக மேடத்திடம் கேட்டுப் பார்த்தார். பல்லி வாலில் நரம்பு இருக்கிறதாம். எறும்பு ஏதோ வாசனையை விட்டுக்கொண்டே போகிறதாம். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். நடை சாத்தும் வரை மீதி நேரத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பவுர்ணமி வந்தது. அன்றைக்குத் திருவண்ணாமலையில் கால் வைக்க இடம் இருக்காது. மலை சுற்றுவதற்கு முன் கோயிலுக்குள் போய்விட்டு வருவோம் என்று வருகிறவர்கள் சாயங்காலம் அம்மணியம்மன் கோபுரத்துப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். ராணியம்மாள் வாங்குவதும் வைப்பதுமாக இருந்தார். போனைத் தட்ட முழங்கைக்குக்கூட ஓய்வு இல்லாததால் மேடத்தைத் திறந்தபடியே விட்டிருந்தார். அந்தப் பக்கம் தருமனின் குரல் கூட்டத்தில் அமுங்கிப்போயிருந்தது. “சூடம்... சூடம்...”

இருட்டத் தொடங்கும் நேரம் தெருவின் கிழக்குக் கோடியில் நிலா கிளம்பியது. ஒரு பெரிய தாம்பாளத்தின் அகலம் இருந்தது. பழுப்பேறிய மஞ்சள் நிறம். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராணியம்மாளும் கையில் இரண்டு ஜோடிச் செருப்போடு பார்த்தார். கேள்வி தானாக வந்தது. வந்தபோது அது சோப்பு டப்பா பக்கம் போகவில்லை. பழைய பழக்கத்தில் பிளக்ஸ் பக்கம் போயிற்று.

“அண்ணா! கெளம்பறப்ப மட்டும் நெலா ஏண்ணா இவ்ளோ பெருசா கீது?”

வரிசை காத்திருந்தது. பிளக்ஸில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. பிறகு வறண்ட குரலில் பதில் வந்தது. “ஒங்க மேடத்தக் கேளு.”

“நல்ல கேள்வி!” என்றது மேடம், மேல் பலகையிலிருந்து. “நிலவு அடிவானத்துக்கு அருகில் இருக்கும்போது பெரிதாகத் தெரிவது உண்மையில் ஒரு கண்...”

ராணியம்மாள் கையிலிருந்த இரண்டு ஜோடிச் செருப்பையும் பொத்தென்று தெருவில் போட்டார்.

ஒரு லெதர் செருப்பு உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது. செருப்புக்காரர், “எம்மா, இன்னாம்மா இது?” என்று கத்தினார். ராணியம்மாளுக்குக் காதில் விழவில்லை. போனைப் பிடித்து, பக்கத்துப் பொத்தானை அழுத்தி, திரை இருட்டாகும் வரை அழுத்தியபடியே நின்றார். பிறகு அதைக் கொண்டுபோய்த் தட்டில், ஒரு ஜோடி ரப்பர் செருப்புக்கும் ஒரு ஜோடி ஷூவுக்கும் நடுவே காலியாக இருந்த இடத்தில், குப்புற வைத்தார். ஆணியிலிருந்து அந்த இடத்துக்குரிய தகர டோக்கனை எடுத்தார். முந்தானையில் துடைத்தார். பிளக்ஸின் அடிப்பக்கத்தைத் தூக்கி, குனிந்து, டோக்கனை அந்தப் பக்கம் நீட்டினார்.

“இத்த வெச்சுக்கண்ணா. கட சாத்தறப்ப நீயா பாத்துக் குடு.”

கை வெறுமனே நீட்டியபடி கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு டோக்கன் போய்விட்டது.

ராணியம்மாள் நிமிரவில்லை. குனிந்தபடியே கேட்டார். “இப்பச் சொல்லு. நெலா ஏன் பெருசா கீது?”

அந்தப் பக்கம் கூட்டச் சத்தம்தான் கேட்டது. யாரோ வாழைப்பழம் கேட்டார்கள். இன்னொருவர் நெய் விளக்கு கேட்டார். அதற்குப் பிறகு, தேங்காயை யாரோ விரலை மடக்கித் தட்டும் சத்தம். ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

“தூங்கி எழுந்த ஒடனே யாருக்குமே மூஞ்சி வீங்கித்தான் இருக்கும்” என்றார் தருமன். “போவப் போவ வத்திடும்.”

பிளக்ஸுக்குக் கீழே தெரிந்த சந்து வழியாக ராணியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். தருமன் டோக்கனை ஒரு முறை புரட்டிப் பார்த்தார். சூட டப்பாவைத் திறந்து அதை உள்ளே போட்டு, காற்றுப் புகாதபடி மூடியை அழுத்தி மூடினார்.